அப்டேட் ஏறிய மறுநாள் கம்ப்யூட்டர் திறக்கவில்லையா?
பழைய மிஷின் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்குச் சில யோசனைகள்

ஆயுத பூஜையன்று தராசுக்கும் படிக்கல்லுக்கும் கல்லாப்பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வந்த நாம், இப்போது கம்ப்யூட்டருக்கும் சேர்த்து வைக்கிறோம். வைப்பதில் தவறில்லை. பில், சரக்கு இருப்பு, யார் எவ்வளவு பாக்கி, வரித் தாக்கல் எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் வருடத்தின் மற்ற நாட்களில் அந்தப் பெட்டியை நாம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காலையில் சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும், இரவு அணைத்தால் அணைய வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் அது எரியாமல் போகும்போதுதான் கடையின் உயிர் எங்கே இருந்தது என்பது புரிகிறது.

நம் உறுப்பினர்கள் பலரிடம் இருப்பவை பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பழைய கம்ப்யூட்டர்கள். அவை நின்று போவதற்கு அடிக்கடி காரணமாவது அப்டேட். அது ஏறும்போது பாதியில் நின்று விடுகிறது, அல்லது ஏறிய பிறகு மிஷின் முரண்டு பிடிக்கிறது. அப்போது என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யவே கூடாது என்பதை, நானே பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

என் கடையில் நடந்தது

என்னுடையது மளிகை மொத்த வியாபாரம். சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தபோது நடந்தது இது. இரவு கடை அடைக்கும் நேரம். கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னேன். பையன் அணைத்தான். திரையில் அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்திருக்கிறது. 27 சதவீதம் என்று காட்டியதாகப் பையன் பிறகு சொன்னான். அன்று பார்த்து எனக்கு அவசரம். வழக்கம்போல மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டேன். ஆகவே தவறு வேறு யாருடையதும் அல்ல, என்னுடையதுதான்.

மறுநாள் காலை கருப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலில் லாரி நிற்கிறது. சுற்று வட்டாரக் கிராமத்துக் கடைக்காரர்கள் சீட்டுடன் நிற்கிறார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்களுடைய பாக்கிக் கணக்கு உள்ளே இருக்கிறது. தீபாவளிதான் வசூலுக்கு உரிய காலம். நகல் எடுத்து வைத்த பென் டிரைவ் கல்லாவில் கிடந்தது. அதில் கடைசியாக நகல் எடுத்தது ஆயுத பூஜையன்று. நடுவில் நடந்த வியாபாரம் முழுவதும் அந்தப் பெட்டியில் மட்டுமே இருந்தது.

பழுது பார்க்க வந்த இளைஞர் அரை மணி நேரம் பார்த்தார். "அண்ணாச்சி, வேற வழியில்ல. பார்மட் அடிச்சிரலாம். ஒரு மணி நேர வேலைதான்" என்றார். நானும் தலையாட்டப் போனேன். எங்கள் கணக்குப்பிள்ளைக்கு வயது எழுபதுக்கு மேல். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தும் தட்டத் தெரியாது. அவர்தான் குறுக்கே வந்தார். "தம்பி, மிஷின் போனா வாங்கிக்கலாம். பேரேடு போனா யார்கிட்டப் போய்க் கேக்குறது? முதல்ல கணக்கை வெளியே எடு. அப்புறம் எதை வேணும்னாலும் அடி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் கடையைக் காப்பாற்றியது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் ஒயர் மூலம் இணைத்துப் பார்த்தோம். கணக்கு அத்தனையும் பத்திரமாக இருந்தது. நகல் எடுத்துக்கொண்டு டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, அரைகுறையாக ஏறிய அப்டேட்டை நீக்கினோம். மாலை நான்கு மணிக்குப் பில் போட ஆரம்பித்தோம். பார்மட் செய்ய அவசியமே ஏற்படவில்லை. அதுவரை கை பில் போட்டுச் சமாளித்தோம். பாக்கி கொடுக்க வந்த ஒரு பெரியவர் மடியிலிருந்து பழைய பில்களை எடுத்துத் தானே கூட்டிச் சொல்லிப் பணத்தைக் கட்டினார். மாலையில் பேரேட்டைப் பார்த்தபோது ரூபாய் பிசகாமல் ஒத்திருந்தது. எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியுமா?

அப்டேட் ஏன் தகராறு செய்கிறது?

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சாப்ட்வேர் லட்சக்கணக்கான வரிகள் கொண்டது. அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைக்க வருவதுதான் அப்டேட். விண்டோஸுக்கு மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. கோடிக்கணக்கான மிஷின்கள், ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்கள். அத்தனையிலும் சோதித்துப் பார்த்து அனுப்புவது எந்த நிறுவனத்துக்கும் இயலாத காரியம். அதனால் அவ்வப்போது கோளாறு வந்தே தீரும். சில உதாரணங்கள்:

2018 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், ஏ.எம்.டி. சிப் உள்ள சில பழைய கம்ப்யூட்டர்களைத் திறக்கவே விடாமல் செய்தது. அவற்றுக்கு அனுப்புவதை மைக்ரோசாப்ட் சில நாட்களில் நிறுத்தி வைத்தது.

2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 பெரிய அப்டேட், சிலருடைய டாக்குமெண்ட்ஸ் முதலிய கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் நிறுத்தப்பட்டு, திருத்தம் செய்து நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிடப்பட்டது.

2021 மார்ச் 9 அப்டேட்டுக்குப் பிறகு, சில வகைப் பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்த உடனே நீலத் திரை வந்து மிஷின் நின்றது. ஒரு வாரத்திற்குள் திருத்தம் வந்தது.

2024 ஜனவரியில் ஒரு அப்டேட், பழுது நீக்கும் பகுதிக்கு டிஸ்க்கில் ஒதுக்கிய இடம் போதாததால் பல விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் ஏறாமல், 80070643 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அன்றாட வேலைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பயந்து போய்ப் பார்மட் செய்தவர்கள் உண்டு.

2024 ஜூலை 19 அன்று நடந்தது உலகம் அறிந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கூடப் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மிஷின்களில் மிகப் பலவற்றைப் பாதுகாப்பு முறையில் திறந்து, தவறான கோப்பை ஒவ்வொன்றிலும் கையால் நீக்கித்தான் சரி செய்தார்கள். பெரிய பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கதி என்றால் நம் கடை எம்மாத்திரம்? ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிகிறது. மிஷின் திறக்காததாலேயே உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்று பொருள் ஆகாது.

பழைய பெட்டிக்கு ஏன் அதிகத் தொல்லை?

காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, இடப் பற்றாக்குறை. அப்டேட் இறங்கி, பிரிந்து, பழையதையும் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு ஏற வேண்டும். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் பாதியில் நிற்கும். என் மிஷினில் அன்று சி டிரைவில் இரண்டு ஜி.பி. கூடக் காலி இல்லை. பையன்கள் இறக்கி வைத்த சினிமாப் படங்கள் மட்டும் நாற்பது ஜி.பி.

இரண்டாவது, கிழட்டு ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டு உள்ள பழைய டிஸ்க்கின் சில பகுதிகள் காலப்போக்கில் படிக்க முடியாமல் போகும். சாதாரண நாளில் தெரியாது. அப்டேட்டின்போது ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மாற்றி எழுதும்போது வெளிப்படும்.

மூன்றாவது, மதர்போர்டில் உள்ள காசு போன்ற சிறிய பேட்டரி. சி.ஆர். 2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால் காலையில் தேதி பல வருடம் பின்னே போய் நிற்கும். தேதி தவறினால் அப்டேட் சரியாக ஏறாது, பாங்க் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் பாதுகாப்பு இல்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும், பில்லிலும் பழைய தேதி விழும். அற்ப விலையுள்ள பேட்டரி. அதைக் கவனிக்காமல் அப்டேட் கோளாறு என்று பெரிய செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, பழைய பிரிண்டர், பழைய கார்டு ஆகியவற்றை இயக்கும் டிரைவர் சாப்ட்வேர். செய்த கம்பெனியே கைவிட்ட பிறகு, புது அப்டேட்டுடன் அது ஒத்துப் போகாது.

முதல் அரை மணி நேரம்

மிஷின் நின்றவுடன் படபடப்பில் செய்யும் காரியம்தான் பாதி நஷ்டத்துக்குக் காரணம். கீழ்க்கண்ட வரிசையை மாற்ற வேண்டாம்.

1. பொறுங்கள். பழைய டிஸ்க்கில் ஒரு பெரிய அப்டேட் ஏற இரண்டு மூன்று மணி நேரம் கூட ஆகலாம். பெட்டியின் முகப்பில் உள்ள ஹார்டு டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். கை வைக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேலாகியும் சதவீதம் நகராமல், விளக்கும் அசையாமல் இருந்தால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

2. திரையில் என்ன தெரிகிறதோ அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஏதாவது காட்டினால் அதுதான் வைத்தியருக்குக் காட்டும் நாடி.

3. காதை வைத்துக் கேளுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் கோளாறு அப்டேட்டில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது உள்ளதையும் அழிக்கும்.

4. பென் டிரைவ், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கீபோர்டும் மவுசும் மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். மாட்டியிருந்த ஒரு பென் டிரைவால் மட்டுமே திறக்காமல் நின்ற மிஷின்கள் உண்டு.

5. திரையில் எழுத்தே வராமல் பீப் ஒலி மட்டும் வந்தால் அது பெரும்பாலும் சாப்ட்வேர் கோளாறு அல்ல. பெட்டிக்குள் தூசி, இருப்பிடத்தில் அசைந்துபோன ராம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ராமைக் கழற்றி அதன் முனைகளை அழி ரப்பரால் துடைத்து மாட்டினாலே பல மிஷின்கள் எழுந்துகொள்ளும்.

கணக்கை முதலில் மீட்க வேண்டும்

மிஷின் எப்படியோ ஒரு முறை திறந்துவிட்டது என்று வையுங்கள். உடனே பில் போட உட்காராதீர்கள். முதல் வேலை கணக்கு உள்ள போல்டரை வெளியே நகல் எடுப்பது. திறக்கவே இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்கலாம். அல்லது லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் மூலம் அதே மிஷினைத் திறந்து எடுக்கலாம். இரண்டும் விவரம் தெரிந்த எந்தப் பழுது பார்ப்பவருக்கும் கைவந்த வேலை.

இங்கே ஒரு முக்கிய விஷயம். உங்கள் கணக்கு சாப்ட்வேர் எந்த டிரைவில், எந்த போல்டரில் கணக்கைச் சேமிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? பலருக்குத் தெரியாது. போட்டுக் கொடுத்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. இன்றே கேட்டு ஒரு தாளில் எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். சாப்ட்வேரின் லைசென்ஸ் எண்ணையும் பாஸ்வேர்டையும் தனியாக ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

கணக்கு நகல் கைக்கு வராத வரை, "பார்மட்" என்ற வார்த்தைக்கும் "ரீசெட்" என்ற வார்த்தைக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். ரீசெட் செய்யும்போது உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும் என்று திரையில் வரும். அது டாக்குமெண்ட்ஸ், படங்கள் போன்ற சொந்தக் கோப்புகளைப் பற்றியது. கணக்கு சாப்ட்வேர் நீங்கிவிடும். அதன் போல்டருக்குள் இருந்த கணக்கும் அதோடு போக இடமுண்டு.

அப்டேட்டை நீக்கும் முறை

கணக்கு பத்திரமான பிறகு மிஷினுக்கு வருவோம். விண்டோஸ் 10 உள்ள கம்ப்யூட்டரில், திறக்கும்போது இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் தானாகவே பழுது நீக்கும் நீலத் திரை வரும். வராவிட்டால் விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவைப் போட்டு, அதில் பழுது நீக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் திரையில் டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போக வேண்டும். அங்கே நமக்கு வேண்டியவை நான்கு.

முதலில் ஸ்டார்ட்-அப் ரிப்பேர். சாதாரணக் கோளாறு என்றால் இதிலேயே தீரும்.

அடுத்து அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். இதில் இரண்டு வகை காட்டும். ஒன்று மாதாந்திரச் சிறு அப்டேட். மற்றது பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட். கடைசியாக எது ஏறியதோ அதை நீக்கலாம். பெரிய அப்டேட்டாக இருந்தால் சாதாரணமாகப் பத்து நாட்களுக்குள்தான் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். சரியில்லை என்று தெரிந்தும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினால் வழி அடைபட்டுவிடும்.

மூன்றாவது சிஸ்டம் ரெஸ்டோர். முன்னொரு நாள் இருந்த நிலைக்கு மிஷினைக் கொண்டுபோகும். ஆனால் அந்த வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் கிடைக்கும். பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கிறது. இந்த வாரமே பார்த்துப் போட்டு வையுங்கள்.

நான்காவது சேஃப் மோடு. மிகக் குறைந்த சாப்ட்வேருடன் மட்டும் மிஷின் திறக்கும் முறை இது. இதில் திறந்து, சாதாரணமாகத் திறக்காவிட்டால், கோளாறு ஏதோ ஒரு டிரைவரிலோ வைரஸ் தடுப்பு சாப்ட்வேரிலோ இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். அதை நீக்கிவிட்டுப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த நான்கும் கை கொடுக்காதபோதுதான் புதிதாக விண்டோஸ் ஏற்றுவது பற்றிப் பேச வேண்டும். அப்போதும் பழைய டிஸ்க்கில் ஏற்றாதீர்கள். ஒரு புது எஸ்.எஸ்.டி. வாங்கி அதில் ஏற்றுங்கள். பழைய டிஸ்க் அப்படியே சாட்சியாக ஓரமாக இருக்கட்டும். பழைய மிஷினும் புது வேகம் பெறும்.

திறந்தது, ஆனால் பில் அச்சாகவில்லை

அப்டேட்டுக்குப் பின் வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான். முதலில் வரிசையில் சிக்கி நிற்கும் பழைய பிரிண்ட் வேலைகளை நீக்குங்கள். சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் என்பதை நிறுத்தி மறுபடி தொடங்கினால் பாதி சமயம் ஓடிவிடும். இல்லாவிட்டால் பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு உரிய டிரைவர் கிடைக்கவில்லை என்றால், விண்டோஸிலேயே உள்ள ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற பொது டிரைவரைப் போட்டால், எழுத்து மட்டும் உள்ள பில்லுக்குப் பெரும்பாலும் அது போதும்.

ஒரே பிரிண்டரை இரண்டு கம்ப்யூட்டர்கள் பங்கிட்டுக்கொள்ளும் கடைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021இல் பிரிண்டர் வழியாக ஊடுருவும் ஒரு பெரிய ஓட்டை தெரிய வந்து, அதை அடைக்க அடுத்தடுத்து அப்டேட்டுகள் வந்தன. அதன் பிறகு, ஒரு கம்ப்யூட்டரில் அப்டேட் ஏறி மற்றதில் ஏறாமல் இருந்த இடங்களில் அச்சு நின்று போயிற்று. இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவதே சரியான வழி. அதுவரை பிரிண்டரின் ஒயரை நேரடியாகப் பில் போடும் மிஷினில் மாட்டிக்கொள்ளலாம்.

அதுவரை வியாபாரம்?

கடையை மூட வேண்டியதில்லை. கைப் பில் புத்தகம் ஒன்று எப்போதும் கல்லாவில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில்லின் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே கைப் பில்லுக்குத் தனி முன்னெழுத்துடன் ஒரு வரிசை அச்சடித்து வையுங்கள். மிஷின் சரியான பின் அதே எண்களில் கணக்கில் ஏற்றிவிடலாம். இ-வே பில்லைச் செல்போனிலிருந்தே எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், வரிப் பதிவு பெற்ற மற்றொரு வியாபாரிக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அவர்களுக்கு வெறும் கைப் பில் செல்லாது. ஆகவே இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து தளத்தில் நுழைய வேண்டிய விவரங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1க்குக் கடைசி நாள் 11ஆம் தேதி. இரண்டாவது செவ்வாய்க்கிழமை எந்த மாதமும் 8இலிருந்து 14க்குள்தான் விழும். அதாவது அப்டேட் வரும் வாரமும் தாக்கல் செய்யும் வாரமும் ஒன்றே. மிஷின் நின்று தாக்கல் தாமதமானால் சாதாரணமாக நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வாங்கியவருக்கு உரிய வரி வரவும் தள்ளிப் போகும், வாடிக்கையாளரின் முகமும் கோணும். எனவே 7ஆம் தேதிக்குள் தாக்கலை முடித்துவிடுவது நல்லது.

அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடலாமா?

இத்தனையும் படித்தபின் இந்த எண்ணம் வருவது இயற்கை. சில கடைகளில் நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 2017 மே மாதத்தை நினைவுபடுத்த வேண்டும். வான்னக்ரை என்ற வைரஸ் மே 12 அன்று பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே திண்டாடின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்னதாகவே, மார்ச் 14 அன்று வந்துவிட்டது. அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே நிறுத்துவது வழியல்ல. நேரத்தை நாம் தீர்மானிப்பதே வழி. விண்டோஸ் 10இல் 35 நாள் வரை அப்டேட்டைத் தள்ளி வைக்கும் வசதி இருக்கிறது. தீபாவளி, பொங்கல், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் ஆகிய நெருக்கடிகளில் தள்ளி வையுங்கள். நெருக்கடி தீர்ந்து, கடை விடுமுறை நாளில், நகல் எடுத்த பின், யு.பி.எஸ். பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்கள் அருகில் இருந்து போடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட மிஷின்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் தொடரும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. தனிநபர் திட்டத்துக்கு அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13. நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி மூன்று ஆண்டு வரை நீட்டிக்கலாம். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சிப்பும், இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் கேட்கிறது. நம்முடைய பத்து வருடத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் அது ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்களை நம்பிக் கடை மிஷினைக் கொடுக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அவர்களும் பொறுப்பில்லை, கம்பெனியும் பொறுப்பில்லை.

கையில் பணம் உள்ளவர்கள் மிஷினை மாற்றிவிடலாம். இப்போது முடியாதவர்கள், பழைய மிஷினை இன்டர்நெட் இணைப்பில்லாமல் பில் போட மட்டும் வைத்துக்கொண்டு, பாங்க் வேலையையும் வரித் தாக்கலையும் வேறு ஒரு மிஷினில் செய்யலாம். அப்படியானால் இரண்டுக்கும் இடையே போய்வரும் பென் டிரைவை ஒவ்வொரு முறையும் வைரஸ் சோதனை செய்ய வேண்டும்.

வழக்கமாக்கிக்கொள்ள

தினமும் கடை அடைக்குமுன் பென் டிரைவில் ஒரு நகல். இரண்டு பென் டிரைவ் வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். ஒன்று கடையில், மற்றது வீட்டில்.

மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு மிஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல.

சி டிரைவில் குறைந்தது 20 ஜி.பி. காலியாக இருக்கட்டும். சினிமாப் படத்துக்கு அங்கே இடமில்லை.

இரவு கம்ப்யூட்டர் முழுவதும் அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மெயின் சுவிட்சை இறக்குங்கள். கடைப் பையன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை மதர்போர்டு பேட்டரியையும், தேவைப்பட்டால் யு.பி.எஸ். பேட்டரியையும் மாற்றுங்கள்.

வாரம் ஒரு முறையாவது பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கல்லாவில் வையுங்கள். எந்த அப்டேட்டும் தாளை அழிக்காது.

இது வெறும் சௌகரியத்துக்காகச் சொல்வதல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்துக்குரிய ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள், விபத்து நேர்ந்தாலும் மீட்டெடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மிஷின் கெட்டுவிட்டது என்று அதிகாரியிடம் சொல்வது பதிலாகாது.

எங்கள் கணக்குப்பிள்ளை இன்று இல்லை. ஆனால் தினமும் இரவு ஒன்பது மணிக்கு நகல் எடுத்து முடிந்ததும், பையன் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறான். அந்த நோட்டு, அவர் எழுதிய பழைய சிட்டைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உறுப்பினர்கள் அனைவரும் இன்று இரவு கடை அடைக்குமுன் ஒரு நகல் எடுத்துவிட்டு வீடு போக வேண்டுகிறேன்.